ஜியோன்ஜுவில் ஒரு மத்தியானச் சாப்பாடு

அக்காவிடம் எதையாவது கேட்கத் தொடங்கும்போதே அவருடைய தலை ஆடத் தொடங்கிவிடும். நாம் கேட்டு முடிப்பதற்குள் "ஓம்" வந்துவிடும். என்ன கேட்டார்கள் என்பது அதன் பிறகுதான் அவருக்கு உறைக்கும். அப்போது புருவத்துக்கு நடுவில் ஒரு சின்னச் சுருக்கம் விழுந்து மறையும். "சரி, பாப்பம்" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவார்.

லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் ஆரம்பப் பள்ளியின் சமையலறையில் நாங்கள் இருவரும் ஆறு வருடம் ஒன்றாக வேலை செய்தோம். பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு பரிமாறுவது, மேசை துடைப்பது, தட்டுக் கழுவுவதுதான் வேலை. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாதிப் பேரும் அவரிடம் ஏதோ ஒரு வேலை வாங்கியவர்கள்தான்.

டொக்டரிடம் போக ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத் துணை அக்கா. கவுன்சில் படிவம் நிரப்புவதற்கும் அக்காதான். யாராவது லீவு எடுத்தால் அந்த ஷிப்ட் அக்காவுக்கு. ஒருமுறை ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு இருநூறு ரோல்ஸ் செய்து தரச் சொல்லிக் கேட்டார்கள். அன்று அவருக்குக் காய்ச்சல். கம்பளிச் சட்டைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்று பொரித்தார். நான் உதவிக்குப் போயிருந்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சுட்டது.

"ஏலாது எண்டு சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லலாம். சொல்ல வருகுதில்லை."

ஏன் வருகுதில்லை என்று அவர் ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். லண்டனுக்கு வந்த புதிதில் அசைலம் இன்டர்வியூவில் அவரிடம் இரண்டு மணித்தியாலம் கேள்வி கேட்டார்களாம். எல்லாவற்றுக்கும் ஓம் என்றிருக்கிறார். ஒன்றுக்கொன்று முரணான கேள்விகளுக்கும் ஓம். முதல் தடவை வழக்கு அதனாலேயே தள்ளுபடியானது.

"அங்க சென்றியில ஆமி மறிச்சால் ஓம் எண்டால்தான் விடுவினம். இஞ்சையும் அப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டன்."

இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே என்னுடைய வெள்ளிக்கிழமை ஷிப்டை அவர் தலையில் கட்டிவிட்டு மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனேன்.

அவருக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று, கொரிய மொழி. கொவிட் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது நாடகம் பார்க்கத் தொடங்கியதில் வந்த ஆசை. எல்லாரும் நாடகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை. பள்ளியில் பிள்ளைகள் பாதி எழுதிவிட்டு எறிந்த கொப்பிகளை எடுத்து வந்து, மிச்சப் பக்கங்களில் அந்த வட்டமும் கோடுமான எழுத்துகளை எழுதிப் பழகினார். பஸ்ஸில் உதடு அசைய அசைய வருவார். "அவையளும் அப்பாவை அப்பா எண்டுதான் கூப்பிடுகினம், தெரியுமே?" என்று ஒருநாள் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மொழி மாற்றிப் பழகும் ஒரு செயலியில் அவருக்கு ஒரு சிநேகிதி கிடைத்தார். ஜியோன்ஜு என்ற ஊரில், தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. எழுபது வயது தாண்டியவர். அவருடைய பேரப்பிள்ளைகள் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர்கள், ஆங்கிலம் மட்டும்தான் பேசுவார்கள். அதற்காக அவர் ஆங்கிலம் பழகினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு இருவரும் கதைப்பார்கள். அரை மணித்தியாலம் கொரியன், அரை மணித்தியாலம் ஆங்கிலம். அக்கா அவரை "ஒன்னி" என்று கூப்பிடுவார். அக்கா என்று அர்த்தமாம். வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் அக்காவாக இருந்தவருக்கு ஐம்பத்தாறு வயதில் ஓர் அக்கா கிடைத்தார்.

அந்த ஒன்னிக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. ஃபோன் திரையில் அக்காவின் முகம் வெறும் நிழலாகத்தான் தெரிகிறதாம். ஓர் ஒப்பரேஷன் இருக்கிறது, சரிவரும் என்று சொல்ல ஏலாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். "அதுக்கு முதல் வா, உன்ரை முகத்தைக் கிட்ட வைச்சுப் பாக்க வேணும்" என்று அவர் கேட்டிருக்கிறார். அக்கா வழக்கம் போல ஓம் என்றார். ஆனால் இந்த முறை புருவத்தில் சுருக்கம் விழவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

முப்பது வருடத்தில் அவர் எங்கேயும் போனதில்லை. "நான் ஓடி வந்திருக்கிறன். பயணம் போனதில்லை" என்பார். கணவரிடம் கேட்டபோது அவர், தனியாகப் போவதா, தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ என்றார். ஓம். மச்சாள், அதாவது கணவரின் தங்கை, இரண்டு பேராகப் போவதைவிட மூன்று பேராகப் போவது நல்லது என்றார். ஓம். அந்த மூன்றாவது ஆள் நான். என்னை யாரும் கூப்பிடவில்லை. "நானும் வரட்டே அக்கா?" என்று நானாகத்தான் கேட்டேன். அதற்கும் ஓம்.

பத்து நாள் பயணத்தை ஒரு கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தார். எங்கள் இருவருக்கும் எது பிடிக்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதியது. மச்சாளுக்குக் கடைகள், எனக்கு மலையும் பூவும். சியோலில் நாலாவது நாள் மட்டும் தனக்காக வைத்துக்கொண்டார். காலை ரயிலில் தனியாக ஜியோன்ஜு போய், ஒன்னி வீட்டில் மத்தியானம் சாப்பிட்டு, பின்னேரம் திரும்பி வருவது. மறுநாள் ஒன்னியை மகள் வந்து ஒப்பரேஷனுக்கு வேறு ஊருக்குக் கூட்டிப்போகிறாள். எங்களுக்கும் மறுநாள் பூசானுக்கு ரயில். அந்த ஒரு நாள்தான் இருந்தது.

சியோலில் நான் பார்த்த அக்கா வேறு ஆள். தமிழில் கதைக்கும்போது அவர் குரல் தரையைப் பார்த்துக்கொண்டு வரும். கொரிய மொழியில் அந்தக் குரல் நிமிர்ந்து நின்றது. பழைய அரண்மனைக்குப் பக்கத்தில் அவர்களுடைய உடுப்பை வாடகைக்குக் கொடுக்கிற ஒரு கடை. கடைக்காரி அக்காவின் வயதைப் பார்த்துவிட்டு மண்ணிறத்தில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அக்கா அதைத் தொடவே இல்லை.

"அனியோ" என்றார்.

இல்லை, வேண்டாம் என்று அர்த்தம். பிறகு விரலை நீட்டிச் சிவப்பைக் காட்டினார். கடைக்காரி சிரித்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். நானும் மச்சாளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்தச் சிவப்புப் பாவாடையோடு அரண்மனை முற்றத்தில் அவர் நடந்துபோனபோது, பள்ளிப் பிள்ளைகள் சிலர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடம் ஏதோ பகிடி சொன்னார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மச்சாளுக்கு அது பிடிக்கவில்லை.

மச்சாளுக்கு அங்கே எதுவும் பிடிக்கவில்லை. சந்தையில் பயறை ஊறவைத்து, கல்லில் அரைத்து, எண்ணெயில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நம்முடைய வடையின் பெரிய தமக்கை மாதிரி இருந்தது. நானும் அக்காவும் சூடாக வாங்கிப் பிய்த்துச் சாப்பிட்டோம். என்ன எண்ணெயோ என்று மச்சாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். தங்கியிருந்த அறையில் அவர் கொண்டுவந்த ரைஸ் குக்கரில் சோறு காய்ச்சி, அக்கா பருப்பு வைத்துக் கொடுத்தார். சியோலில் மூன்று நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் சுரங்க ரயிலில் நானும் மச்சாளும் தவறான நிலையத்தில் இறங்கிவிட்டோம். கதவு மூடிக்கொண்டது, அக்கா உள்ளே. ஃபோனில் சார்ஜ் இல்லை. சுற்றிவர ஆயிரம் பேர் போகிறார்கள், ஒரு சொல் விளங்கவில்லை. மச்சாள் அழத் தொடங்கிவிட்டார். முக்கால் மணித்தியாலம் கழித்து அக்கா எங்களைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கத்து ரயிலில் வந்து இறங்கினார். அவரைக் கண்டதும் நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அக்கா குளிக்கப் போனபோது மச்சாள் என்னிடம் சொன்னார்: "நாளைக்கு இவ போனால் எங்கட கதி என்ன? ஏதும் நடந்தால் ஆரிட்டைப் போறது? உமக்குப் பிறஷர் இருக்குத்தானே. காலமை ஏலாமக் கிடக்கு எண்டு சொன்னீர் எண்டால் அவ போகமாட்டா."

மச்சாள் மேல் பழியைப் போட எனக்கு விருப்பம் இல்லை. அவர் சொன்னது ஒரு வசனம். செய்தது நான்.

மறுநாள் காலை அக்கா கடும் பச்சையில் ஒரு பருத்திச் சேலை உடுத்தியிருந்தார். பையில் ஒன்னிக்கு ஒரு தேயிலைப் பெட்டியும் பனங்கட்டியும் வைத்திருந்தார். வாசலில் குனிந்து சப்பாத்துக்குக் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது நான் கட்டிலில் இருந்தபடி சொன்னேன்.

"அக்கா, நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கு."

சொல்லும்போது உண்மையாகவே கொஞ்சம் அடைத்தது. பொய் சொல்கிற பயத்தில் அடைத்திருக்கும்.

அவர் நுழைத்த காலை வெளியே எடுத்தார்.

பேசாமல் படுத்திருக்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நின்றார். டாக்ஸியில் என் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஓர் இளம் டொக்டர் என்னிடம் ஆங்கிலத்தில் தடுமாறிவிட்டு, அக்கா கொரிய மொழியில் கதைப்பதைக் கேட்டதும் ஆறுதலாக அவர் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் இருவரும் கதைத்தார்கள். அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆறுதலா இருக்கட்டாம். பயப்பிட வேண்டாமாம்."

டொக்டரையும் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

வெளியே வந்தபோது மணி பதினொன்று ஆகவில்லை. அக்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஃபோனில் ரயில் நேரங்களைப் பார்த்தார்.

"இப்ப வெளிக்கிட்டாலும்..." என்று தொடங்கினார்.

"இவவை இந்த நிலைமையிலை விட்டிட்டோ?" என்றார் மச்சாள்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். போயிட்டு வாங்கோ அக்கா, எனக்கு ஒண்டுமில்லை. அவ்வளவுதான். நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன்.

அறைக்கு வந்ததும் ஒன்னியைக் கூப்பிட்டார். நிமிர்ந்து நின்று கதைக்கிற அந்தக் குரல் அன்று கொரிய மொழியிலும் தரையைப் பார்த்தது. மறுபக்கத்திலிருந்து பதற்றத்தோடு ஏதோ கேட்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு படம் வந்தது. ஒன்னி அனுப்பவில்லை, சமையலுக்கு உதவ வந்த பக்கத்து வீட்டுப் பெண் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த படமாம். அக்கா வரமாட்டார் என்பது தெரியாமல் ஒன்னியின் ஃபோனிலிருந்து அனுப்பிவிட்டாளாம். தாழ்வான மேசை. அதில் சின்னச் சின்னக் கிண்ணங்கள், இருபது இருக்கும். கீரை, கிழங்கு, மீன், நாலைந்து வகைக் கிம்ச்சி. நடுவில் சோறு போட மூடி போட்ட இரண்டு பித்தளைக் கிண்ணங்கள். எதிரெதிராக இரண்டு கரண்டி. மூன்று நாளாகச் சமைத்ததாம்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, ஒவ்வொரு கிண்ணமாகப் பார்த்தார். பிறகு கீழே கடைக்குப் போய் எனக்குக் கஞ்சி வாங்கி வந்தார். கரண்டியால் ஆற்றி ஆற்றித் தந்தார். சேலையை மாற்றவில்லை.

பூசானில் கடல் நன்றாகத்தான் இருந்தது. மலை முழுக்க நீலமும் மஞ்சளுமாய் வீடுகள் அடுக்கிய ஓரிடத்துக்கும் போனோம். மீன் சந்தையில், தொட்டியில் நீந்துகிற கணவாயைக் காட்டி ஒரு கிழவி அக்காவிடம் ஏதோ கேட்டாள். அவருக்கு விளங்கியது, கண்ணில் தெரிந்தது. ஆனால் "நோ, தேங்க் யூ" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நடந்தார். அதன்பிறகு ஊர் திரும்பும் வரை, வழி கேட்கவும் சாப்பாடு சொல்லவும் தவிர, அவர் வாயில் கொரியச் சொல் வரவில்லை.

ஒப்பரேஷன் சரிவரவில்லை. இதை மச்சாள்தான் எனக்குச் சொன்னார், பஸ் தரிப்பில் நின்றபடி, வேறு ஏதோ கதைக்கு நடுவில். "அந்தக் கொரியாக் கிழவிக்குக் கண் போயிட்டுதாம், பாவம்."

இரண்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, பரிமாறத் தொடங்குவதற்கு அரை மணித்தியாலம் முன்பு, அக்கா சமையலறை மேசையில் ஒரு பார்சலை வைத்தார். கொரிய முத்திரை. உள்ளே சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி. அதற்குள் சின்னச் சின்னப் பொட்டலங்களாக ஜின்செங் வேர்ச்சாறு. கூடவே ஒரு கடிதம்.

"உமக்குத்தான்" என்றார்.

கடிதத்தில் எழுத்துகள் பெரிது பெரிதாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தன. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"என்ரை தங்கச்சியின்ரை சிநேகிதிக்கு. உங்கட இருதயம் இப்ப எப்பிடி இருக்கு? அண்டைக்கு அவ உங்களை விட்டிட்டு வந்திருந்தால் நான் ஏசியிருப்பன். சாப்பாடு வீணாகேல்லை, பக்கத்து வீட்டு ஆக்கள் வந்து சாப்பிட்டவை. இதை ஒவ்வொரு நாளும் காலமை சுடுதண்ணியிலை கலந்து குடியுங்கோ. இருதயத்துக்கு நல்லம். நான் உங்களுக்காகவும் கும்பிடுறன்."

கடிதத்தை மடித்து என் ஏப்ரன் பையில் வைத்தார்.

"அக்கா," என்றேன். "அண்டைக்கு நான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ஒண்டுமில்லை, பயந்துபோய் இருக்கிறா, தண்ணி குடிக்கக் குடுங்கோ எண்டு அந்த டொக்டர் அண்டைக்கே சொன்னவர்."

அடுப்பில் பெரிய சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் போய் நெருப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"பிறகேன் நீங்கள் போகேல்லை?"

"பதினொண்டரைக்கு ஒரு ரயில் இருந்தது. போயிருக்கலாம். நீர் ஒரு பொய் சொன்னீர். அதுக்குப் பிறகு நான் எத்தினை பொய் சொல்லிப்போட்டன் தெரியுமே? அவ ஒவ்வொரு சனியும் முதல்ல கேக்கிறது உம்மைப் பற்றித்தான். மருந்து எடுக்கிறாவோ, நடக்கிறாவோ எண்டு. கண் தெரியாமல் இருந்துகொண்டு கேக்கிறா. நான் ஒவ்வொண்டாச் சொல்லுறன். இனி ஏலாது."

அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். குரல் உயரவில்லை.

ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கோப்பையில் ஊற்றி, கேத்திலில் இருந்த சுடுதண்ணீரை விட்டுக் கலக்கி, எனக்கு முன்னால் வைத்தார்.

"குடியும். குடிச்சவ எண்டு நான் உண்மையாச் சொல்ல வேணும்."

மண்ணும் வேப்பம்பட்டையும் சேர்ந்த மாதிரி ஒரு கசப்பு. பாதியில் வைக்கப் போனேன். அவர் அப்படியே நின்றார். முழுவதையும் குடித்தேன். கோப்பையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டதும் கரண்டியை எடுத்துக்கொண்டு பரிமாறப் போனார். முப்பது பொட்டலம். பள்ளி நாட்களில் காலையில் அவரே கலக்கித் தருவார். கடைசிப் பொட்டலம் முடிந்த வாரம் அந்தத் தவணையும் முடிந்தது. அவர் வேலையை விட்டு, வடக்கு லண்டனில் எட்மண்டனில் இருக்கும் மகளோடு போய்விட்டார். பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள்.

இப்போது வருடத்தில் ஒருமுறை, வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு அவரைக் காண்கிறேன். யாரோ ஒருவருடைய பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பார். யாருடையவோ பைகள் தோளில் தொங்கும். என்னைக் கண்டால் ஒதுங்குவதில்லை. நேரே என்னிடம் வருவார்.

"நெஞ்சு இப்ப எப்பிடி?" என்று கேட்பார்.

பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என்ன வருத்தம், எப்போதிருந்து என்று விசாரிப்பார்கள். அக்காவின் முகத்தில் கேலி இருக்காது. கோபமும் தெரியாது. சனிக்கிழமை ஒருவருக்குச் சொல்ல வேண்டிய பதிலுக்காக நிற்கிறவர் மாதிரி, பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டு நிற்பார்.

"பரவாயில்லை அக்கா" என்பேன்.

தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.